ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு மோட்டார்!

1922-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி.

அமெரிக்காவில் நியூயார்க் நகரின் 42-வது தெருவில் உள்ள செல்வின் தியேட்டரில் ஒரு புதுமை அரங்கேறியது.

படம் பார்க்க வந்தவர்கள் தங்கள் நாற்காலியைப் பார்த்தார்கள். அதன் கையில் ஒரு தண்டு பொருத்தப்பட்டிருந்தது. இஷ்டம்போல் வளைக்கக்கூடிய தண்டு. அதன் நுனியில் வட்டமான ஒரு பெட்டி. அதை முகத்துக்கு நேரே இழுத்து வைத்துக்கொண்டு, அதன் வழியாகத் திரையைப் பார்க்கவேண்டும்.

பார்த்தால், திரையில் உள்ள மனிதர்கள் தட்டையாக இல்லை. முன்னால் இருப்பது முன்னாலும், பின்னால் இருப்பது பின்னாலும், நேரில் காண்பது போலவே தெரிந்தது!

இந்த விந்தையைச் செய்தவர் லாரன்ஸ் ஹாமண்ட். அப்போது அவருக்கு வயது 27.

ஹாமண்ட் ஆர்கன் என்ற இசைக்கருவியின் பெயரைப் பலர் அறிவார்கள். அதைக் கண்டுபிடித்தவரும் இவர்தான். ஆனால் ஆர்கனுக்கு முன்பே அவர் சினிமாக் கொட்டகையில் ஒரு பெரிய சூதாட்டம் ஆடித் தோற்றவர் என்பது பலருக்குத் தெரியாது.

தந்தையை இழந்த பிள்ளை

ஹாமண்ட் 1895-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி, இல்லினாய்ஸ் மாகாணத்தில் உள்ள எவன்ஸ்டன் என்ற ஊரில் பிறந்தார். தந்தை பாங்கித் தொழில் செய்தவர். பாங்கி நொடித்துப்போயிற்று. அந்தத் துயரம் தாங்காமல் 1897-ல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். குழந்தைக்கு அப்போது இரண்டு வயது.

தாயார் ஓவியம் வரைபவர். கணவனை இழந்த அவர், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஐரோப்பாவுக்குச் சென்றார். ஜெனீவா, டிரெஸ்டன், பாரிஸ் என்று ஊர் ஊராகப் பையனின் படிப்பு நடந்தது. பிரெஞ்சும் ஜெர்மனும் தாய்மொழி போலவே அவனுக்கு வந்துவிட்டன.

பையனின் மனமோ யந்திரங்களைச் சுற்றியே வந்தது. மோட்டார் காரில் கியரை மாற்ற ஓட்டுகிறவர் சிரமப்படத் தேவையில்லை, அது தானாகவே மாறிக்கொள்ளும்படி செய்யலாம் என்று 14 வயதுக்குள் ஒரு திட்டம் வரைந்தான். தாயார் சொன்னதன்பேரில் அது பிரான்சின் பெரிய கார் கம்பெனி ஒன்றுக்குப் போயிற்று. கம்பெனி அதை ஏற்கவில்லை. பிற்காலத்தில் உலகமெல்லாம் ஓடிய தானியங்கி கியர் கார்களை நினைத்தால், சிறுவர் சொல் அம்பலம் ஏறாது என்பது பிரான்சுக்கும் பொருந்தும் போலிருக்கிறது!

1909-ல் குடும்பம் எவன்ஸ்டனுக்குத் திரும்பியது. காற்றின் அழுத்தத்தைக் காட்டும் கருவியை ஒரே ஒரு டாலருக்கு விற்கும்படி மலிவாகச் செய்து, ஹாமண்ட் தம் முதல் காப்புரிமையைப் பெற்றார். அப்போது வயது 16. கார்னெல் பல்கலைக்கழகத்தில் என்ஜினீயரிங் படித்து 1916-ல் பட்டம் வாங்கினார். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையுடன் பிரான்சுக்குச் சென்றார்.

போர் முடிந்து டிட்ராய்ட் நகரில், படகு என்ஜின் செய்யும் ஒரு கம்பெனியில் தலைமை என்ஜினீயர் ஆனார். அப்போதுதான் டிக் டிக் என்ற சத்தமே கேட்காத ஒரு கடிகாரத்தைச் செய்தார். ஸ்பிரிங் யந்திரத்தைச் சத்தம் வெளியே வராத பெட்டிக்குள் அடைத்துவிட்டார். அவ்வளவுதான் வித்தை! அந்தக் கடிகாரம் தந்த பணத்தில் வேலையை விட்டுவிட்டு நியூயார்க் சென்று, சொந்தமாக ஆராய்ச்சி செய்யத் தொடங்கினார்.

இரண்டு கண், இரண்டு படம்

கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டுங்கள். இடது கண்ணை மூடி வலது கண்ணால் பாருங்கள். பிறகு வலது கண்ணை மூடி இடது கண்ணால் பாருங்கள். விரல் இடம் மாறுவது போல் தெரியும். இரண்டு கண்களுக்கும் இடையே சுமார் இரண்டரை அங்குலம் தூரம் இருப்பதே காரணம். இரு கண்களும் காணும் இரண்டு காட்சிகளையும் மூளை ஒன்றாக்குகிறது. எது அருகில், எது தொலைவில் என்று நமக்குப் புரிவது அதனால்தான்.

சினிமாவிலும் இதைச் செய்யவேண்டுமானால், இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று என இரண்டு படங்கள் எடுக்கவேண்டும். எடுப்பது சுலபம். ஒரே திரையில் விழும் இரண்டில், அந்தந்தக் கண்ணுக்கு உரியதை மட்டும் அந்தந்தக் கண்ணுக்குக் காட்டுவதுதான் கடினம்.

சிவப்பு, பச்சை நிறக் கண்ணாடிகளைக் கொண்டு செய்யும் வழி ஒன்று உண்டு. ஹாமண்ட் அந்த முறையில் ஒரு நிழலாட்டம் அமைத்து, நியூயார்க்கின் புகழ்பெற்ற சீக்பெல்ட் நாட்டியக் காட்சிக்குக் கொடுத்தார். ஆனால் நிறக் கண்ணாடி போட்டால் படத்தின் சொந்த நிறம் கெட்டுவிடும்.

ஆகவே வேறு வழி தேடினார். திரையில் இடது படமும் வலது படமும் மாறி மாறி விழவேண்டும். இடது படம் விழும்போது பார்ப்பவரின் வலது கண்ணை மூடிவிடவேண்டும். வலது படம் விழும்போது இடது கண்ணை மூடவேண்டும். ஒரு விநாடிக்குள் இது பல தடவை நடந்தால், கண் மூடுவதே பார்ப்பவருக்குத் தெரியாது!

நாற்காலிக் கையில் இருந்த பெட்டிக்குள் ஒரு தகடு சுழன்றது. அதுவே இரு கண்களையும் மாறி மாறி மறைத்தது. அந்தத் தகட்டைச் சுழற்ற, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சிறு மோட்டார்!

தாளம் தப்பினால்...

இங்கேதான் ஆபத்து இருந்தது. படம் காட்டும் இரண்டு யந்திரங்களும், கொட்டகையில் உள்ள அத்தனை நாற்காலி மோட்டார்களும் ஒரே தாளத்தில் ஓடவேண்டும்.

ஒரு மோட்டார் சற்றே பிந்தினால், ஒரு கண்ணின் படம் மறு கண்ணிலும் கசியும். நடிகரின் பக்கத்தில் ஆவி போல இன்னொரு நடிகர் நிற்பார். வேகம் போதாவிட்டால் படம் மினுக்கிக் கண்ணை வலிக்கச் செய்யும். தகடு அடியோடு தலைகீழாக மாறிவிட்டாலோ, இடது கண் வலது படத்தைப் பார்க்கும். மேடு பள்ளமாகும். பள்ளம் மேடாகும். பின்னால் உள்ள சுவர் முன்னால் வந்து நிற்கும்!

ஹாமண்ட் இதற்கு மின்சாரத்தையே தாளமாக வைத்துக்கொண்டார். மாறுதிசை மின்சாரம் முன்னும் பின்னுமாக ஒரே சீராகத் துடிப்பது. அந்தத் துடிப்போடு அடி பிசகாமல் சுழலும் மோட்டார்களை அமைத்தார். கும்மி அடிக்கும் பெண்கள் ஒருவரையொருவர் பார்க்காமலே பாட்டின் தாளத்தால் ஒன்றாகக் கை கொட்டுவது போல, எல்லா மோட்டார்களும் ஒரே மின்சாரத்துக்கு ஆடின. இந்த ஏற்பாட்டுக்கு அவர் வைத்த பெயர் 'டெலிவியூ'.

செல்வின் தியேட்டரில் முதலில் சிறு சிறு படங்கள் காட்டப்பட்டன. நாட்டியக்காரர்களின் நிழல், திரையை விட்டு வெளியே வருவது போல் தோன்றும் நிழலாட்டமும் நடந்தது. பிறகு 'மார்ஸ்' என்ற முழுநீளப் படம். செவ்வாய் கிரகத்தோடு ரேடியோவில் பேச விரும்பும் ஒரு கண்டுபிடிப்பாளரின் கதை அது.

பத்திரிகைகள் கருவியைப் பாராட்டின. கதையை அவ்வளவாகப் பாராட்டவில்லை.

காட்சி சில வாரங்கள் ஓடியது. பிறகு நின்றுவிட்டது.

கருவி பழுதானதால் அல்ல. ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு மோட்டார், ஒரு தண்டு, ஒரு மின்கம்பி என்றால் எந்தக் கொட்டகைக்காரர் செலவு செய்வார்? அப்படியே செய்தாலும் காட்டுவதற்கு வேறு படம் எங்கே? படம் இல்லாததால் கொட்டகை இல்லை. கொட்டகை இல்லாததால் படம் இல்லை. டெலிவியூ பொருத்தப்பட்ட தியேட்டர் அந்த ஒன்றுதான். 'மார்ஸ்' படமும் 1923-ல் பெயர் மாறி, சாதாரணப் படமாகவே மற்றக் கொட்டகைகளுக்குப் போயிற்று.

மோட்டார் கைவிடவில்லை

கொட்டகை கைவிட்டாலும், மின்சாரத்தின் தாளத்துக்கு ஆடும் மோட்டார் ஹாமண்டைக் கைவிடவில்லை.

அமெரிக்க மின்சாரம் விநாடிக்கு 60 தடவை துடிக்கும். அதையே எண்ணினால் நேரம் சொல்லலாம் அல்லவா? 1928-ல் கடிகாரக் கம்பெனி தொடங்கினார். அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கவேண்டாம். ஆனால் ஒரு விசித்திரம்: மின்சாரம் நின்று திரும்பி வந்தால் அது தானாக ஓடாது. பின்னால் உள்ள குமிழைக் கையால் சுழற்றிவிடவேண்டும். அதுவும் ஒரு நன்மைதான். தவறான நேரத்தைக் காட்டிக்கொண்டு ஓடுவதைவிட, நின்றுபோனதை ஒப்புக்கொள்ளும் கடிகாரம் மேல்.

பொருளாதார மந்தம் வந்தது. கடிகார வியாபாரம் படுத்தது. 1932-ல் சீட்டைத் தானாகக் கலைத்துப் போடும் மேஜை ஒன்றைச் செய்து 25 டாலருக்கு விற்றுக் கம்பெனியைக் காப்பாற்றினார். சீட்டாட்டத்தால் குடும்பம் கெட்டது உண்டு. இவருக்கோ அது கை கொடுத்தது!

அடுத்து ஆர்கன். மாதாகோயில்களில் குழாய்களில் காற்றை ஊதி ஒலி எழுப்பும் பெரிய ஆர்கன்கள் இருக்கும். விலையோ மிக அதிகம். ஹாமண்ட் குழாய்க்குப் பதிலாக 91 உலோகச் சக்கரங்களை வைத்தார். ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பற்கள் கொண்ட சக்கரம் காந்தத்தின் அருகே சுழலும்போது கம்பிச்சுருளில் மின்சாரம் அலைபாயும். அதுவே ஒலிபெருக்கியில் இசையாகும். சக்கரங்களைச் சுழற்றியது மின்சாரத்தின் தாளத்துக்கு ஆடும் அதே வகை மோட்டார். அதனால் சுருதி கலையாது.

1934 ஏப்ரல் 24-ந் தேதி காப்புரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டு ஆர்கன் விற்பனைக்கு வந்தது. கார் மன்னர் ஹென்றி போர்டு முதலில் வாங்கியவர்களில் ஒருவர். இத்தனைக்கும் ஹாமண்டுக்கு ஆர்கன் வாசிக்கத் தெரியாது!

1955-ல் கம்பெனித் தலைவர் பதவியை விட்டார். வாழ்நாளில் நூற்றுக்கு மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்ற அவர், 1973 ஜூலையில் 78-வது வயதில் காலமானார்.

மீண்டும் அதே கண்ணாடி

அவர் கண் மூடிய பிறகு, கண்ணை மாறி மாறி மூடும் கண்ணாடி மறுபடி பிறந்தது. இப்போது மோட்டாரும் இல்லை, சுழலும் தகடும் இல்லை. திரவப் படிகம் என்ற பொருள் மின்சாரம் பட்டால் இருளும், விட்டால் தெளியும். அதைக் கண்ணாடியில் அடைத்தார்கள். 1980-களில் கம்ப்யூட்டருக்கும், பிறகு சினிமாக் கொட்டகைகளுக்கும், 2010-ஐ ஒட்டி வீட்டு டெலிவிஷனுக்கும் அது வந்தது.

தொல்லைகள் மட்டும் பழையவையே. கம்ப்யூட்டர் திரை விநாடிக்கு 120 தடவை மாறினால்தான் ஒரு கண்ணுக்கு 60 படம் கிடைக்கும். குறைத்து வைத்தால் மினுக்கும். திரையருகே உள்ள சிறு பெட்டி கண்ணுக்குத் தெரியாத ஒளியால் கண்ணாடிக்குத் தாளம் போடும். அந்தப் பெட்டியை யாராவது மறைத்து நின்றால் தாளம் அறுந்துவிடும். பேட்டரி தீர்ந்தாலும் அப்படியே. குழல்விளக்கின் துடிப்பு கண்ணாடியின் துடிப்போடு மோதினால் அறையே நடுங்குவது போல் தெரியும். விளக்கை அணைத்தால் சரியாகும். ஆவி உருவம் தெரிந்தால் கண்ணாடி சரியான நேரத்தில் மூடவில்லை என்று பொருள். மேடு பள்ளமாகத் தெரிந்தால் இடமும் வலமும் மாறியிருக்கிறது. அதை மாற்றுவதற்கென்றே பல கருவிகளில் ஒரு பொத்தான் உண்டு.

இத்தகைய டெலிவிஷன்களைப் பெரிய கம்பெனிகள் 2017-க்குள் நிறுத்திவிட்டன. வீட்டில் ஆளுக்கொரு கண்ணாடி வேண்டும், பேட்டரி வேண்டும், படமும் வேண்டும். செல்வின் தியேட்டரில் எழுந்த அதே கணக்குதான்.

அந்தத் தியேட்டர் இன்றும் 42-வது தெருவில் வேறு பெயரில் இருக்கிறது. இப்போது அங்கே நாடகங்கள் நடக்கின்றன.