செத்த காலேஜைத் தந்த டாக்டர்

பழைய நாளில் நாட்டுப்புறத்திலிருந்து சென்னைப் பட்டணம் வந்து போனவர்கள், ஊர் திரும்பியதும் இரண்டு பெருமைகளைச் சொல்லத் தவறமாட்டார்கள். ஒன்று உயிர் காலேஜைப் பார்த்தது. மற்றொன்று செத்த காலேஜைப் பார்த்தது. உயிர் காலேஜ் என்பது மிருகக்காட்சிசாலை. செத்த காலேஜ் என்பது எழும்பூர் மியூசியம். பாடம் செய்து வைத்த புலிக்கும் காலேஜுக்கும் என்ன சம்பந்தம் என்று இக்காலத்தார் சிரிக்கலாம். சம்பந்தம் உண்டு. இரண்டு காலேஜுகளுக்கும் மூலபுருஷர் ஒரே மனிதர். அவர் ஒரு வைத்தியர்.

எட்வர்ட் பால்பர் 1813-ல் ஸ்காட்லாந்தில் மான்ட்ரோஸ் என்ற ஊரில் பிறந்தார். காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்த ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம் இவருக்குத் தாய்மாமன் மகன். எடின்பரோவில் ரண வைத்தியம் கற்று, கும்பினி உத்தியோகத்தில் சேர்ந்து 1834-ல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். வழியில் மொரீஷியஸ் தீவில் தங்கியபோது, காடுகளை அழித்ததால் அந்நாடு பட்ட பாட்டைக் கண்டார். மரத்துக்கும் மழைக்கும் உள்ள உறவைப்பற்றிப் பிற்காலத்தில் சென்னை சர்க்காருக்கு அவர் எழுதியதற்கெல்லாம் அதுவே வித்து.

பட்டாளத்து டாக்டர்கள் பலர் மருந்துப் பெட்டியோடு நின்றுவிட்டார்கள். பால்பர் அப்படியல்ல. ஹிந்துஸ்தானியும் பாரசீகமும் நன்றாகக் கற்றுக்கொண்டார். அதனால் சேப்பாக்கத்தில் கர்நாடக நவாபின் சபையில் சர்க்கார் பிரதிநிதியாகும் வாய்ப்பும் அவருக்கு வந்தது. இந்தப் பழக்கம் பின்னால் எப்படிக் கைகொடுத்தது என்பதுதான் இக்கதையில் ரசமான பகுதி.

சென்னை இலக்கியச் சங்கத்தாரிடம் கற்களும் தாதுப் பொருள்களும் நிறையச் சேர்ந்திருந்தன. அவற்றைக் கொண்டு ஒரு மியூசியம் அமைக்கவேண்டும் என்று 1846-ல் யோசனை எழுந்தது. லண்டனிலிருந்த கும்பினி டைரக்டர்கள் சம்மதம் தந்து, காரியம் நடந்தேறியது 1851-ல். நுங்கம்பாக்கத்தில், இளம் துரைமாருக்குத் தமிழும் தெலுங்கும் போதித்து வந்த கோட்டைக் கல்லூரியின் மாடிதான் முதல் இடம். திராவிட மொழிகள் ஒரு தனிக் குடும்பம் என்று எல்லிஸ் துரை எடுத்துக்காட்டினாரே, அவர் உண்டாக்கிய கல்லூரி அது. கல்லூரிச் சாலை என்ற பெயர் அதனால் வந்ததே. அங்கே சுமார் 1,100 கற்களோடு மியூசியம் திறந்தது. பொறுப்பாளர் பால்பர்.

வெறும் கற்களைப் பார்க்க யார் வருவார்கள்? பால்பர் ராஜதானி எங்கும் கடிதங்களைப் பறக்கவிட்டார். ஜில்லாவிலுள்ள அதிகாரிகளும் பிரமுகர்களும் அவரவர் ஊரில் கிடைப்பதை அனுப்பவேண்டும் என்று கேட்டார். கல், மரம், பறவை, மிருகம், நெசவு என்று மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. மாடியோ பழுதுபட்டது, இடமும் போதவில்லை. 1854-ல் மியூசியம் எழும்பூரிலிருந்த பாந்தியன் மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. வெள்ளைக்காரச் சீமான்களும் சீமாட்டிகளும் விருந்துண்டு நடனமாடிய மண்டபம் அது. மியூசியம் இடம் மாறியது. காலேஜ் என்ற பெயர் மட்டும் ஜனங்களின் நாவில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டது!

மியூசியம் படித்தவர்களுக்கு மட்டும் உரியதன்று என்பதில் பால்பர் பிடிவாதமாக இருந்தார். எழுத்தறியாத மக்களும் வந்து பார்க்கவேண்டும் என்பது அவர் ஆசை. ஒரு சமயம் மியூசியத்தில் உயிருள்ள சிறுத்தையும் புலியும் வைக்கப்பட்டன. கூட்டம் அலைமோதியது. கல்லுக்கு வராதவர்கள் புலிக்கு வந்தார்கள். வந்தவர்கள் கல்லையும் பார்த்தார்கள். சூட்சுமம் பால்பருக்குப் புரிந்துவிட்டது. நேரே நவாபை அணுகி, அவர் வளர்த்துவந்த விலங்குகளைக் கேட்டுப் பெற்றார். 1855-ல் பாந்தியன் தோட்டத்தில் மிருகக்காட்சிசாலை பிறந்தது. ஒரே ஆண்டில் முந்நூறுக்கு மேற்பட்ட உயிர்கள்! அதே 1855-ல் நவாப் குலாம் கௌஸ் கான் சந்ததியின்றி மறைந்தார். கும்பினியார் நவாப் பட்டத்துக்கே முடிவு கட்டிவிட்டார்கள். சில ஆண்டுகளில் மிருகங்கள் மூர்மார்க்கெட் பக்கமிருந்த பீபிள்ஸ் பார்க்குக்குப் போயின. காலேஜ் இரண்டாகப் பிரிந்தது அப்போதுதான்.

எல்லாம் வெற்றியாகவே முடிந்தது என்று சொல்வதற்கில்லை. 1845-ல் வால்டர் எலியட் துரை அமராவதி ஸ்தூபத்தில் தோண்டியெடுத்து அனுப்பிய பளிங்குச் சிற்பங்கள், பல ஆண்டுகள் கல்லூரிக்கு முன்னால் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. உள்ளூரில் இருந்தவரை உரிய பாதுகாப்பு இல்லை. டைரக்டர்களின் பார்வை பட்டதும் அவற்றில் சிறந்தவை லண்டனுக்குப் பயணப்பட்டன. 1859-ல் 121 கற்கள் போயின. போன இடத்திலாவது மரியாதை கிடைத்ததா? வண்டிக் கொட்டில் ஒன்றில் முடங்கிக் கிடந்தவற்றை 1867-ல் பெர்கூசன் என்ற அறிஞர் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பிறகே அவை பிரிட்டிஷ் மியூசியம் சேர்ந்தன. எஞ்சிய கற்களையும், பின்னர் நடந்த அகழ்வுகளில் கிடைத்தவற்றையும் எழும்பூரில் காணலாம். அங்கே நிற்கும்போது, போனவற்றின் நினைவு வராமல் இருப்பதில்லை.

அந்த 1859-லேயே பால்பரும் மியூசியப் பொறுப்பிலிருந்து விலகினார். மனிதருக்கு ஓய்வு பிடிக்காது போலும். இதற்குள் 1857-ல் இந்தியக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தாமே தொகுத்து வெளியிட்டிருந்தார். பெங்களூரில் மைசூர் சர்க்கார் மியூசியம் அமைய 1865-ல் முன்னின்று உழைத்தார். 1871-ல் சென்னை சர்ஜன் ஜெனரலானார். ஆண் டாக்டரிடம் உடலைக் காட்ட மாட்டாமல் பெண்கள் மடிவதை அவர் அறிவார். பெண்களுக்கு வைத்தியக் கல்வி தரவேண்டும் என்று வாதாடினார். 1875-ல் சென்னை மெடிகல் காலேஜில் நான்கு பெண்கள் மாணவிகளாகச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான மேரி ஷார்லீப், பின்னர் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியைத் தோற்றுவித்தார்.

பால்பர் 1876-ல் ஊர் திரும்பி, 1889 டிசம்பரில் லண்டனில் காலமானார். அவர் தொடங்கிய மிருகக்காட்சிசாலை 1985-ல் வண்டலூருக்குச் சென்றது. உயிர் காலேஜ் என்ற பெயரும் அதோடு மெல்ல மறைந்தது. செத்த காலேஜ் மட்டும் அவர் கொண்டுபோய் வைத்த அதே தோட்டத்தில், பாந்தியன் சாலையில் இருக்கிறது.