வடையின் ஓட்டையை ‘கேட்க’ முடியுமா? மீனாட்சிசுந்தரத்தின் கணிதம்

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ உருமி மேளம் கேட்டிருப்பீங்க. கண்ணை மூடினாலும் பெரிய மேளமா சின்னதா என்று சத்தமே சொல்லிவிடும். இதே யோசனையை வடிவியலில் வளர்த்தவர் சுப்பராமையா மீனாட்சிசுந்தரம்.

1913இல் திருச்சூரில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியில் படித்து, ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர்.

பந்து, மெதுவடை மாதிரி வளைந்த பரப்புகளுக்கும் சொந்த அதிர்வுகள் உண்டு. ஒவ்வோர் அதிர்வும் ஒரு சார்பு, அதாவது ஃபங்ஷன். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அந்த எண்களின் பட்டியலே பரப்பளவைச் சொல்லும் என்று 1949இல் சுவீடனின் பிளெய்யெலுடன் சேர்ந்து காட்டினார்.

அந்த வழியிலேயே போன மெக்கீன், சிங்கர் இருவரும் 1967இல் வடையின் ஓட்டையையும் பட்டியலில் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே மீனாட்சிசுந்தரம் காலமானார், வயது 54. ராமானுஜனைத் தெரிந்த உங்களுக்கு இவரையும் தெரிந்திருக்கணும், இல்லையா?