ஏட்டில் முதற்பெயர்: பாளையங்கோட்டைக் கிளாரிந்தா அம்மையார்

பொதிகையிலே பிறந்து, பாபநாசத்திலே தரையிறங்கி, நெல்லைச் சீமையின் வயல்களுக்கெல்லாம் பாலூட்டிக் கடலோடு கலக்கும் பொருநையாறு, தன் இரு கரைகளிலும் இரண்டு ஊர்களை இரட்டைப் பிள்ளைகள் போல வளர்த்து வருகிறது. மேற்கே திருநெல்வேலி, கிழக்கே பாளையங்கோட்டை. முன்னது நெல்லையப்பர் திருக்கோயிலால் புகழ்பெற்றது. பின்னது ஒரு காலத்தில் கோட்டையாலும், பின்னர்க் கல்விச் சாலைகளாலும் புகழ்பெற்றது. தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் அந்தப் பாளையங்கோட்டையின் வரலாற்றில், கல்விச் சாலைகள் எழுவதற்கு முன்பே தன் பெயரைப் பதித்துவிட்ட ஒரு பெண்மணியைப் பற்றியே இக்கட்டுரையில் எழுதப் புகுகின்றேன்.

வரலாறு பயிலும் மாணவன் என்ற முறையில் பழைய நில ஆவணங்களில் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு. பட்டா, சிட்டா, அடங்கல், பைமாஷ் கணக்கு, இனாம் பதிவேடு, பாளையக்காரர்களுக்கு 1803-இல் வழங்கப்பட்ட சன்னதுகள் ஆகியவை வெறும் வரிக்கணக்குகள் என்று பலர் எண்ணுவர். ஊன்றிப் பார்ப்பவர்க்கு அவை குடும்ப வரலாறுகள். தந்தைக்குப் பின் யார், யாருக்கு யார் தத்து, எந்த வழியில் எந்த நிலம் கை மாறியது என்பதையெல்லாம் அவை சொல்லும். இந்நாட்டுக்கு வந்து வாழ்ந்து மறைந்த ஆங்கிலேயரின் உறவுமுறைகளையும் இவ்வாறே, அவர்தம் உயில்கள், கல்லறைக் கல்வெட்டுகள், தேவாலயப் பதிவேடுகள் ஆகியவற்றைக் கொண்டு ஆராய்வோர் உண்டு. சென்னை எழும்பூரில் 1909-இல் எழுந்த ஆவணக் காப்பகமும், கல்லறை வாசகங்களைத் தொகுத்து ஜூலியன் காட்டன் 1905-இல் வெளியிட்ட நூலும் அவர்களுக்குப் பெருந்துணை.

ஆனால் நிலமே இல்லாதவரை எந்த நிலக்கணக்கில் தேடுவது? பிறந்த குலத்தாலும் புகுந்த வீட்டாலும் விலக்கப்பட்ட ஒரு பெண்ணின் உறவினரை எந்தச் சன்னதில் காண்பது? இவ்வினாவுக்கு விடையாக நிற்பதே கிளாரிந்தா அம்மையாரின் வாழ்க்கை.

தஞ்சையிலே

அம்மையார் தஞ்சையில் வாழ்ந்த மராட்டிய அந்தணர் குலத்தவர். இளமைப் பெயர் கோகிலா என்பது வழிவழி வரும் செய்தி. இளமையிலேயே கணவனை இழந்தார். உடன்கட்டை ஏறவிருந்த அவரை ஓர் ஆங்கிலேய அதிகாரி காப்பாற்றினார் என்று மக்கள் கதை சொல்வர். கதை எப்படியாயினும், கைம்பெண்ணுக்கு அந்நாளைய சமுதாயம் வைத்திருந்த வாழ்வு நாம் அறிந்ததே. உடன்கட்டையைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தது 1830-இல்தான். கைம்பெண் மறுமணத்துக்குச் சட்டம் இடம் தந்தது 1856-இல்.

தஞ்சையோ அப்போது கொந்தளிப்பில் இருந்தது. 1773-இல் ஆர்க்காட்டு நவாபு கும்பினிப் படையின் துணையோடு அந்நகரைப் பிடித்தார். 1776-இல் மன்னர் துளஜாஜிக்கு அரசு திரும்பக் கிடைத்தது. படைகள் வருவதும் போவதுமான அந்நாளில், கும்பினிப் படையின் அதிகாரி ஒருவர் இந்தக் கைம்பெண்ணுக்கு ஆதரவாளர் ஆனார். அவர் பெயர் லிட்டில்டன். அம்மையாருக்கு ஆங்கிலமும் கிறித்தவ சமயக் கருத்துகளும் கற்பித்தவர் அவரே.

இருவரும் மணச்சடங்கின்றி ஒரு வீட்டில் வாழ்ந்தனர். அக்காலத்துக் கும்பினி அதிகாரிகள் பலர் இந்நாட்டுப் பெண்களோடு இவ்வாறே வாழ்ந்தனர். தம் உயில்களில் அப்பெண்களுக்கு ஏதேனும் எழுதிவைத்தோரும் உண்டு. அம்மையார் தமக்குத் திருமுழுக்கு அளிக்குமாறு செருமானியப் போதகர் சுவார்ட்ஸிடம் வேண்டியபோது, மணமின்றி வாழும் நிலையில் அது இயலாது என்று அவர் மறுத்துவிட்டார். மணந்துகொள்வதாக அதிகாரி வாக்களித்திருந்தார் என்பர். ஆனால் மணம் நடவாமலே அவர் இறந்துபோனார்.

இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். பிறந்த குலம் கைவிட்டது. கணவன் வீடு கதவடைத்தது. துணையாக வந்தவரோ முறைப்படி மணக்காமலே மறைந்தார். மூன்று குடும்பங்களின் வாசலில் நின்றும் எந்தக் குடும்பத்துக்கும் உரியவராகாத நிலை அது!

பாளையங்கோட்டையிலே

அதிகாரியோடு அம்மையார் வந்து சேர்ந்த ஊர் பாளையங்கோட்டை. நெல்லைச் சீமை பெயரளவில் நவாபுக்கு உரியது, படைபலமோ கும்பினியினுடையது. தென்பாண்டி நாட்டில் கும்பினியின் முதன்மையான படைத்தளம் இக்கோட்டையே. 1778-இல் சுவார்ட்ஸ் இங்கு வந்தபோது அம்மையார் மீண்டும் திருமுழுக்கு வேண்டினார். இம்முறை அவர் மறுக்கவில்லை. அன்று இடப்பட்ட பெயரே கிளாரிந்தா.

திருமுழுக்கு என்பது அந்நாளில் சமயம் மாறுவதோடு முடிந்துவிடும் செயலன்று. சமயம் மாறியவர் குடும்பச் சொத்தில் தம் உரிமையை இழப்பார் என்பதே அன்றைய முறை. சாதியிழந்தாலும் சமயம் மாறினாலும் சொத்துரிமை போகாது என்ற சட்டம் வந்தது 1850-இல். அம்மையார் திருமுழுக்குப் பெற்று 72 ஆண்டுகள் கழிந்த பின்பு! இந்து விதவைக்குக் கணவன் சொத்தில் வரையறுக்கப்பட்ட பங்கேனும் தந்த சட்டம் 1937-இலும், முழு உரிமை தந்த சட்டம் 1956-இலும் வந்தன. ஆகவே 1778-இல் அவர் எடுத்த முடிவு, திரும்பிச் செல்லும் வழியை அடைத்துவிட்டு எடுத்த முடிவாகும்.

நாற்பது பெயர்கள்

1780-ஆம் ஆண்டில் பாளையங்கோட்டைச் சபையாரின் பெயர்கள் ஓர் ஏட்டில் எழுதப்பட்டன. மொத்தம் நாற்பது பேர். பல சாதியாரும் அதில் உண்டு. பறங்கியர் கோட்டைக்குள் பிறந்த ஏடாயினும், முதலில் நிற்கும் பெயர் ஒரு தமிழகப் பெண்ணின் பெயர்: கிளாரிந்தா. அவருக்கு அடுத்து நிற்பது அவருடைய வளர்ப்பு மகன். அவன் பெயர் ஹென்றி லிட்டில்டன்.

அம்மையாரின் உறவுகளைத் தேடி நான் படித்தவற்றுள் என்னை மிகவும் நிறுத்தி வைத்தவை இவ்விரண்டு வரிகளே. மணப்பதிவு தராத தொடர்பை இந்த மகனின் பெயர் தந்துவிடுகிறது. அதிகாரியின் பெயர் இரண்டாம் தலைமுறைக்கு இறங்கியது அம்மையாரின் வழியாக. இரத்த வழியாக அன்று. மணமகள் என்று எந்த ஏட்டிலும் ஏறாத பெண், தாய் என்று ஓர் ஏட்டில் ஏறிவிட்டார்.

இதன் அருமையை அறிய நம் அண்டைச் சீமையைப் பார்க்க வேண்டும். இராமநாதபுரம் ஜமீனில் இராணி பர்வதவர்த்தனி முத்துராமலிங்க சேதுபதியைத் தத்தெடுத்தது செல்லுமா என்ற வழக்கு, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1868-இல்தான் முடிந்தது. கணவன் அனுமதி இல்லாவிடினும் பங்காளிகளின் இசைவோடு விதவை தத்தெடுக்கலாம் என்பது தீர்ப்பு. ஒரு சமஸ்தானத்து அரசிக்கே தத்தெடுக்க அத்தனை பாடு! அதற்கு 88 ஆண்டுகளுக்கு முன்னால், கணவனோ பங்காளியோ இசைவு தர இல்லாத ஒரு பெண், இவன் என் மகன் என்று எழுதவைத்தார். சட்டத்தின் கண்ணில் அதற்கு மதிப்பு எவ்வளவாயினும் ஆகட்டும். ஏட்டில் அது நின்றுவிட்டது.

கோயிலும் கிணறும்

ஐதர் அலியின் படையெடுப்பால் 1780 முதல் தமிழகமே தவித்தது. நெல்லைச் சீமையில் பாளையக்காரர்களுக்கும் கும்பினிக்கும் போர் மூண்டு, 1783 ஆகஸ்டில் கர்னல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தான். அத்தகைய காலத்தில்தான் கோட்டைக்குள் ஒரு சிறு தேவாலயம் எழும்பியது. முயற்சியும் பொருளும் பெரும்பாலும் கிளாரிந்தா அம்மையாருடையவை. அங்கிருந்த ஆங்கிலேயர் சிலரும் துணை நின்றனர். 1785-இல் சுவார்ட்ஸ் வந்து அதனைப் படைத்தார். பின்னர்த் தஞ்சையிலிருந்து சத்தியநாதன் உபதேசியாராக அனுப்பப்பட்டார். 1790-இல் அவர் குருப்பட்டமும் பெற்றார்.

கும்பினியார் அதற்கு என்ன பெயர் வைத்திருந்தாலும், ஊர் மக்கள் வைத்த பெயர் பாப்பாத்தியம்மாள் கோயில் என்பதே. அம்மையார் ஊராருக்காக வெட்டுவித்த கிணறு என்று பாப்பாத்தியம்மாள் கிணற்றையும் பாளையங்கோட்டையில் சொல்வர். நிலம் உடையவர்களின் பெயர்கள் பட்டாவில் ஏறி, விற்றதும் நீங்கும். அம்மையார் கொடுத்தவற்றின் மீது ஏறிய பெயரோ, விற்பனையால் நீங்காமல் மக்கள் நாவில் தங்கிவிட்டது. அவரைச் சாதியிலிருந்து விலக்கிய உலகத்திலேயே, அச்சாதிப் பெயரையே அன்போடு சேர்த்து ஊர் அவரை அழைத்தது விந்தையிலும் விந்தை!

பின்னாளில் கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்க கால வரலாற்றில் அம்மையாருக்கு உரிய இடம் தந்தார். பெருங்குளத்தில் பிறந்த அ. மாதவையா 1915-இல் அவரைத் தலைவியாக்கி ஆங்கிலத்தில் ஒரு வரலாற்றுப் புதினம் எழுதினார். நெல்லைத் திருச்சபை தன் ஆண்டுக்கணக்கை அந்த நாற்பது பெயர் ஏட்டிலிருந்தே தொடங்குகிறது. நூற்றாண்டு விழா 1880-இலும், இருநூறாம் ஆண்டு விழா 1980-இலும் நடைபெற்றன.

நாம் செய்ய வேண்டியது

ஹென்றி லிட்டில்டன் என்ற பெயர் இன்னொன்றையும் நமக்கு நினைவூட்டுகிறது. 1791-இல் கும்பினி, தாய் தந்தையருள் ஒருவர் இந்தியராயினும் அவர்தம் பிள்ளைகளுக்குத் தன் அலுவல்களில் இடமில்லை என்று கட்டளையிட்டது. அதற்கு முன் ஒரே வீட்டில் கலந்து வாழ்ந்த குடும்பங்கள் அதன்பின் இரு பக்கமாகப் பிரிந்து எழுதப்பட்டன. ஆங்கிலேயப் பக்கத்து ஏடுகள் ஆண்களையும், பதவிகளையும், தோட்டங்களையும் நினைவில் வைத்தன. நம் பக்கத்து ஏடுகள் பரம்பரையையும் பாத்தியதையையும் நினைவில் வைத்தன. நடுவில் நின்ற பெண்களுக்கு இரு பக்கமும் இடம் சுருங்கியது. கிளாரிந்தா அம்மையார் அவ்விரண்டுக்கும் வெளியே மூன்றாவது ஏட்டில் தம் இடத்தைத் தாமே எழுதிக்கொண்டார்.

தோழர்களே! உங்கள் ஊர்க் கோயிலிலும், பள்ளிவாசலிலும், தேவாலயத்திலும், கர்ணம் வீட்டுப் பரணிலும் பழைய ஏடுகள் இருக்கக்கூடும். கரையான் முந்துமுன் நாம் முந்த வேண்டும். அவற்றைப் பார்க்கும்போது நிலத்துக்கு உடையவர் யார் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அவர்க்குப் பக்கத்து வரியில் தாய் என்றும், மனைவி என்றும், வளர்த்தவள் என்றும், சில வேளை பெயரே இன்றி இன்னார் வீட்டவள் என்றும் எழுதப்பட்டிருப்போரையும் குறித்து வையுங்கள். ஒரே ஒரு வரியிலிருந்து ஒரு வாழ்க்கையை மீட்க முடியும் என்பதற்கு, 1780-ஆம் ஆண்டு ஏட்டின் முதல் வரியே சான்று. அந்த நாற்பது பெயர்களைப் பொருநைக் கரையில் யாரோ ஒருவர் பொறுமையோடு எழுதி வைத்ததால்தான், இன்று நாம் கிளாரிந்தா அம்மையாரையும் அவர் மகனையும் அறிகின்றோம்.