என்ரிக்கோ பெர்மி

அணுவின் ஆற்றலை வசப்படுத்திய அறிஞர் என்றே என்ரிக்கோ பெர்மியை உலகம் போற்றுகின்றது. வானவெளியில் திரியும் நுண்துகள்கள் வேகம் பெறும் வகையையும் அன்னார் ஆராய்ந்தார் என்பதைப் பலர் அறியார்.

பெர்மி இத்தாலியின் தலைநகராகிய ரோமாபுரியில் 1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் பிறந்தார். 1915-இல் அவருடைய தமையன் ஜூலியோ திடீரென இறந்துபட்டான். துயருற்ற சிறுவர் நூல்களையே துணையாகக் கொண்டார். 1922-இல் பைசா நகரில் டாக்டர் பட்டமும், 1926-இல் ரோமாபுரியில் பேராசிரியர் பதவியும் எய்தினார். 1938-இல் நோபல் பரிசு பெற ஸ்டாக்ஹோம் சென்றவர், யூத குலத்தவராகிய தம் மனைவி லாராவுக்கு இத்தாலியச் சட்டங்களால் இன்னல் நேருமென்று அஞ்சி, தாய்நாடு திரும்பாது அமெரிக்கா சேர்ந்தார். 1942 டிசம்பர் 2-ஆம் நாள் சிகாகோவில் முதல் அணு உலையை இயக்கிக் காட்டினார்.

காஸ்மிக் கதிர்த் துகள்கள் பேராற்றல் பெறுவது எங்ஙனம் என்னும் வினாவிற்கு 1949-இல் அவர் விடை கூறினார். விண்மீன்களுக்கிடையே காந்தப் புலம் தாங்கிய முகில்கள் அலைகின்றன. எதிர்வரும் முகிலில் மோதும் துகள் ஆற்றல் பெறும். விலகிச் செல்லும் முகிலில் மோதுவது இழக்கும். எதிர்மோதல்களே சற்று மிகுதியாதலின், இறுதியில் வரவே மிஞ்சும். ஆனால் அவ்வரவு மிகச் சிறிது. கனத்த அணுக்கருக்கள் திறத்தில் தம் கொள்கை போதாதென்பதை அவரே மறைக்காமல் எழுதினார். குறை தீருமுன், 1954 நவம்பர் 28-ஆம் நாள், தம் 53-ஆம் வயதில் புற்றுநோயால் காலமானார்.

1977, 1978-ஆம் ஆண்டுகளில் அறிஞர் சிலர் அக்கருத்தை அதிர்ச்சி அலைகளுக்குப் பொருத்தினர். விண்மீன் வெடிக்குங்கால், மின்னூட்டம் பெற்ற வாயுவாகிய பிளாஸ்மாவில் அத்தகைய அலை எழும். அலையின் இருபுறத்துப் பிளாஸ்மாவும், நெருங்கிவரும் இரு சுவர்களையொத்து, இடைப்பட்ட துகளைப் பந்தெனத் திருப்பியனுப்பும். இங்கு எல்லா மோதலும் எதிர்மோதலே. ஒவ்வொரு முறையும் ஆற்றல் பெருகும். 1006-இல் மாந்தர் கண்ட வெடிமீனின் எச்சத்தில், எலக்ட்ரான்கள் ஏறத்தாழ 100 லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட்டு ஆற்றல் பெற்றுள்ளமை 1995-இல் எக்ஸ் கதிர்களால் புலனாயிற்று.

ஆயினும் எலக்ட்ரான் மிக இலேசானது. காந்தப் புலத்தில் அது சுழலும் வட்டம் அலையின் தடிப்பினும் சிறிது; முன்னரே ஓர் உந்துதல் பெற்றாலன்றி இவ்விளையாட்டில் அது சேர இயலாது. அம்முதல் உந்துதலை அளிப்பது யாது? பூமிக்கு முன்னே ஞாயிற்றுக் காற்று எழுப்பும் அதிர்ச்சி அலையில் விண்கலங்கள் இதனை இன்றும் ஆராய்ந்து வருகின்றன.

2008-இல் விண்ணேறிய காமாக் கதிர்த் தொலைநோக்கி பெர்மியின் பெயர் தாங்கியது. தம் கொள்கையின் குறையைத் தாமே காட்டிச் சென்றமையால், பின்வந்தோர்க்கு அவர் வழிகாட்டியாயினார். கற்கும் நாமும் அந்நேர்மையைக் கைக்கொள்வோமாக.