கறுப்புத் திரையின் தந்தை – கேரி கில்டால்



நம்ம மைக்ரோபிராசஸர் லேப்பில் 8085 கிட் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். 4100-ல் ஆரம்பித்து ஒவ்வொரு ஆப்கோடாகத் தட்டித் தட்டி ஏற்றுகிறோம். நாற்பது பைட் முடிந்து, ரன் கொடுக்கப் போகிற நேரம் பார்த்து கரண்ட் போகிறது! திரும்பி வந்தால் கிட்டில் ஒன்றுமே இல்லை. எல்லாம் சுத்தம். மறுபடியும் முதலில் இருந்து! இந்த எரிச்சலை அனுபவிக்காத மின்னணுவியல் மாணவன் யாராவது உண்டா?

இதே எரிச்சலை ஐம்பது வருடங்களுக்கு முன்பு ஒரு மனிதர் அனுபவித்தார். நாம் அலுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுகிறோம். அவர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த வழிதான் பெர்சனல் கம்ப்யூட்டரின் முதல் பொதுவான ஆபரேட்டிங் சிஸ்டம் ஆனது. அவர் பெயர் கேரி கில்டால். பில் கேட்ஸை நம்ம ஊர் பெட்டிக்கடைக்காரருக்கும் தெரியும். கில்டாலை கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்? அதனால்தான் இந்தக் கட்டுரை.

கப்பல் பள்ளிக்கூடத்துப் பிள்ளை

கேரி கில்டால் 1942-ஆம் ஆண்டு மே 19-ஆம் தேதி அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பிறந்தார். தாத்தா கப்பலோட்டியவர். கப்பலைத் திசை பார்த்து ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் ஒரு பள்ளியைக் குடும்பமே நடத்திவந்தது. தாத்தாவுக்குப் பிறகு அப்பா. கேரியும் கொஞ்ச நாள் அங்கே பாடம் நடத்தினார்.

பள்ளியில் அவர் மார்க் வாங்குகிற பையன் இல்லை. கார் இன்ஜினைக் கழற்றுவது, மாட்டுவது, எலக்ட்ரிக்கல் சாமான்களை நோண்டுவது இதில்தான் ஆர்வம். நம்ம செட்டுப் பையன் என்றே வைத்துக்கொள்ளுங்களேன்! 1963-ல், பள்ளிக்காலத்தில் இருந்தே பழகிய டோரதியைத் திருமணம் செய்துகொண்டார். கணக்கு வாத்தியார் ஆகலாம் என்றுதான் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்தவுடன் மனசு மாறிவிட்டது.

அது வியட்நாம் போர் நடந்த காலம். கட்டாய ராணுவ சேவை வந்தது. போர்க்களத்துக்குப் போகாமல், கலிபோர்னியாவில் மான்டரே நகரில் உள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரியில் ஆசிரியராகும் வாய்ப்பு 1969-ல் கிடைத்தது. 1972-ல் டாக்டர் பட்டமும் வாங்கினார். கம்பைலர்கள் புரோகிராமை எப்படி அலசிச் சுருக்க வேண்டும் என்று 1973-ல் அவர் எழுதிய கட்டுரையைக் கம்பைலர் பாடத்தில் இன்றைக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இருபத்தைந்து டாலர் சிப்

1971 கடைசியில் இன்டெல் கம்பெனி 4004 என்ற மைக்ரோபிராசஸரை வெளியிட்டது. கால்குலேட்டர், டிராபிக் சிக்னல் மாதிரி சாமான்களுக்குத்தான் அது ஆகும் என்று இன்டெல்காரர்களே நினைத்தார்கள். கில்டால் அதில் முழுக் கம்ப்யூட்டரையே பார்த்தார். 25 டாலர் கொடுத்து ஒன்றை வாங்கினார். அப்பாவின் பள்ளிக்கூடத்துக்கு உதவுகிற மாதிரி, கப்பல் திசைக் கணக்கு போடும் சின்ன மெஷின் ஒன்று செய்துவிட வேண்டும் என்று ஆசை. அது நடக்கவில்லை. ஆனால் அந்த முயற்சியில் சிப்பின் சந்துபொந்தெல்லாம் அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

வாரத்தில் ஒரு நாள் இன்டெல்லுக்குப் போய் வேலை செய்தார். 8008, 8080 சிப்புகளுக்காக பி.எல்/எம் என்ற மொழியை 1973-ல் உருவாக்கிக் கொடுத்தார். ஆப்கோடு தட்டாமல், ஆங்கில வார்த்தைகளில் புரோகிராம் எழுத உதவிய மொழி அது. சம்பளத்தோடு ஒரு கம்ப்யூட்டரும் கிடைத்தது. அதைத் தன் வகுப்பறைக்கு எடுத்துவந்தார், மாணவர்களுக்குக் காட்ட.

நம்ம 8085 இருக்கிறதே, அது 8080-இன் தம்பி. அண்ணனுக்கு எழுதின ஆப்கோடு தம்பியிடமும் அப்படியே ஓடும். அதனால் கில்டால் அன்றைக்கு எழுதியதை, நாம் லேப் ரெக்கார்டு எழுதுகிற மொழியிலேயே இன்று படிக்கலாம்!

தேய்ந்துபோன ஒரு டிரைவ்

புரோகிராமைச் சேமிக்க அப்போது இருந்த வழி காகித நாடா. டெலிடைப் மெஷின் நாடாவில் ஓட்டை போடும். திரும்ப ஏற்றும்போது நொடிக்குப் பத்து எழுத்து படிக்கும். 8 கிலோபைட் புரோகிராமை ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும்? நீங்களே கணக்குப் போடுங்கள். 8192-ஐப் பத்தால் வகுத்தால் 819 நொடி. கிட்டத்தட்ட 14 நிமிஷம்! நடுவில் நாடா கிழிந்தால் அவ்வளவுதான்.

அப்போதுதான் எட்டு அங்குல பிளாப்பி டிஸ்க் வந்திருந்தது. 77 டிராக், ஒவ்வொன்றிலும் 26 செக்டார், செக்டாருக்கு 128 பைட். பெருக்கினால் 2,56,256 பைட். இன்றைக்குச் செல்போனில் எடுக்கிற ஒரு போட்டோ கூட அதில் அடங்காது. அன்றைக்கு அது பெரிய களஞ்சியம்! ஆனால் டிரைவின் விலையோ ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாது. ஷூகார்ட் கம்பெனியில் 10,000 மணி நேரம் ஓட்டிச் சோதித்துத் தேய்ந்துபோன ஒரு டிரைவைக் கேட்டு வாங்கிவந்தார் கில்டால். அதற்குப் பெட்டி கிடையாது, கேபிள் கிடையாது, கம்ப்யூட்டரோடு இணைக்கக் கன்ட்ரோலர் சர்க்யூட்டும் கிடையாது. தானே செய்து பார்த்தார், வரவில்லை. மாதக்கணக்கில் அந்த டிரைவ் சும்மா கிடந்தது. கடைசியில் ஹார்டுவேரில் கெட்டிக்காரரான நண்பர் ஜான் டொரோடைக் கூப்பிட்டார். கன்ட்ரோலரை டொரோட் செய்தார். டிஸ்க்கில் பைல்களை வைக்க, எடுக்க, அழிக்க வேண்டிய புரோகிராமை கில்டால் எழுதினார். 1974-ல் பசிபிக் குரோவ் என்ற சின்ன ஊரில், ஒரு வீட்டுக் கொட்டகையில் அது ஓடியது.

அந்தப் புரோகிராமின் பெயர் சி.பி/எம். நம்ம பக்கத்தில் இந்தப் பெயரைச் சொன்னால் சிப்காட் கேட்டில் நடக்கிற தொழிற்சங்கக் கூட்டம்தான் ஞாபகம் வரும்! இது வேற. மைக்ரோகம்ப்யூட்டர்களுக்கான கட்டுப்பாட்டு புரோகிராம் என்று பொருள். இன்டெல்லிடம் இதை விலைக்குக் கொடுக்க முன்வந்தார். அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

மூன்று துண்டாக வெட்டிய மூளை

சரி, நாமே விற்போம் என்று 1976-ல் கணவனும் மனைவியும் சேர்ந்து டிஜிட்டல் ரிசர்ச் கம்பெனியைத் தொடங்கினார்கள். புரோகிராம் அவருடையது. ஆர்டர், கணக்கு, ஒப்பந்தம் எல்லாம் டோரதி. பத்திரிகையில் சின்னதாக விளம்பரம் கொடுத்து 70 டாலருக்கு விற்றார்கள். 1977-ல் இம்சாய் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி மட்டும் 25,000 டாலர் கொடுத்து உரிமை வாங்கியது.

இங்கேதான் கில்டாலின் உண்மையான மேதைமை. ஒவ்வொரு கம்பெனியின் டிஸ்க்கும் கீபோர்டும் வேறு வேறு. ஒவ்வொன்றுக்கும் முழு புரோகிராமையும் திருத்தி எழுத முடியுமா? அதனால் சி.பி/எம்-ஐ மூன்று துண்டாகப் பிரித்தார். நாம் தட்டும் கட்டளையைப் புரிந்துகொள்வது ஒன்று. பைல்களை நிர்வகிப்பது இன்னொன்று. ஹார்டுவேரோடு நேரடியாகப் பேசுவது மூன்றாவது. புது மெஷின் வந்தால் மூன்றாவதை மட்டும் மாற்றி எழுதினால் போதும், மற்றது தொட வேண்டியதில்லை. பலவிதமான லாரிகளுக்கும் ஒரே ட்ரெய்லரை மாட்டுகிற கொக்கி மாதிரி. அந்த மூன்றாவது துண்டுக்கு அவர் வைத்த பெயர்தான் பயாஸ். கம்ப்யூட்டர் ஆன் செய்தவுடன் டெலீட் கீயைத் தட்டி உள்ளே போகிறோமே, அந்த பயாஸ் என்ற பெயர் கில்டால் கொடுத்தது!

ஏ> என்று கறுப்புத் திரையில் வந்து நிற்பது, டிரைவுக்கு ஏ, பி என்று எழுத்து வைப்பது, டி.ஐ.ஆர். என்று தட்டினால் பைல் பட்டியல் வருவது, எட்டெழுத்துப் பெயரும் மூன்றெழுத்து வாலும் எல்லாமே சி.பி/எம்-இல் பழக்கத்தில் இருந்தவை. நூற்றுக்கணக்கான மாடல் கம்ப்யூட்டர்கள் அதில் ஓடின. 1990-களில் நம்ம ஊர்ப் பக்கம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்கள் எல்லாம் கம்ப்யூட்டர் சென்டர்களாக மாறி, வேர்ட்ஸ்டார், டிபேஸ் என்று போர்டு வைத்தார்கள் அல்லவா? அந்த இரண்டும் முதலில் பிறந்தது சி.பி/எம் மேல்தான்.

கையெழுத்துப் போடாத கதை

இனி வருவதுதான் எல்லோரும் தப்பாகச் சொல்கிற கதை. 1980-ல் ஐ.பி.எம். பெர்சனல் கம்ப்யூட்டர் செய்ய முடிவெடுத்து, ஆபரேட்டிங் சிஸ்டத்துக்காக கில்டால் வீட்டு வாசலுக்கு வந்தது. அவரோ ஜாலியாக விமானம் ஓட்டப் போய்விட்டார், உலகத்தின் மிகப் பெரிய வாய்ப்பைக் கோட்டை விட்டார் என்பார்கள். அவர் தன் சொந்த விமானத்தில் போனது நிஜம். ஆனால் ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கத் தொழில் விஷயமாகப் போனார். ஒப்பந்தம் பேசுவது எப்போதும் டோரதியின் வேலை. ஐ.பி.எம்.காரர்கள் பேச்சைத் தொடங்கும் முன்பே ஒரு ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை நீட்டினார்கள். டோரதி அதைப் படித்தார். வக்கீலிடம் காட்டினார். எல்லாம் அவர்கள் பக்கமே சாய்ந்திருந்தது. கையெழுத்துப் போடவில்லை.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று சொல்ல வேண்டும். எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கைநாட்டுதான். நான் ஆறாவது படிக்கும்போது, ஒருத்தரிடம் கடன் வாங்கி, நீட்டிய பத்திரத்தில் பெருவிரலை வைத்துவிட்டு வந்தார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கக் கூச்சம். மூணு வருஷம் வட்டி கட்டினோம். கறவை மாடு ரெண்டும் போச்சு. அதனால், டோரதி அவசரப்படாமல் அந்தத் தாளைப் படித்ததை ஒரு முட்டாள்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நஷ்டம் வந்தது உண்மை. அதற்காகப் படித்தது தப்பாகிவிடுமா?

நஷ்டம் எப்படி வந்தது? ஐ.பி.எம். மைக்ரோசாப்டிடம் போனது. சியாட்டிலில் ஒரு சின்ன கம்பெனியில் டிம் பேட்டர்சன் என்பவர், 8086 சிப்புக்காக சி.பி/எம் மாதிரியே நடந்துகொள்ளும் ஒரு சிஸ்டத்தை எழுதியிருந்தார். 1981 ஜூலையில் மைக்ரோசாப்ட் அதை 50,000 டாலருக்கு முழுதாக வாங்கியது. அதுதான் டாஸ். 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். பி.சி. வெளிவந்தது. கில்டால் ஆட்சேபணை தெரிவித்தார். வழக்குப் போடாமல் இருக்க, அவருடைய சி.பி/எம்-86-ஐயும் விற்பதாக ஐ.பி.எம். ஒப்புக்கொண்டது. ஆனால் அது தாமதமாக வந்தது. விலை 240 டாலர். பக்கத்திலேயே டாஸ் 40 டாலர்! வாங்குகிறவன் எதை வாங்குவான்?

தோற்ற பிறகும் ஓயவில்லை

கில்டால் சோர்ந்து உட்காரவில்லை. டெலிவிஷனில் கம்ப்யூட்டர் பற்றி மக்களுக்குச் சொல்லும் நிகழ்ச்சியைப் பல வருடங்கள் இணைந்து நடத்தினார். 1985-ல் ஒரு முழுக் கலைக்களஞ்சியத்தை சி.டி.யில் ஏற்றிக் காட்டியது அவருடைய இன்னொரு கம்பெனி. 1988-ல் டிஜிட்டல் ரிசர்ச், டாஸுக்கே போட்டியாக டி.ஆர். டாஸ் வெளியிட்டது. 1991-ல் கம்பெனியை நாவெல் வாங்கியது.

பணம் வந்தது, ஆனால் தன் படைப்புக்கான பெயர் வேறொருவருக்குப் போனது அவரை உள்ளே அரித்தது. டோரதியோடு மணவாழ்க்கையும் முறிந்தது. கடைசி வருடங்களில் குடிப்பழக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. மேதைகளையும் அது விடுவதில்லை நண்பர்களே. 1994 ஜூலையில் மான்டரேயில் கீழே விழுந்து தலையில் அடிபட்டு, மூன்று நாள் கழித்து 11-ஆம் தேதி காலமானார். வயது 52.

அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, ஜூன் 29-ல், ஜிம் ஹால் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர், இலவசமாக எல்லோருக்கும் ஒரு டாஸ் எழுதப்போவதாக அறிவித்தார். அதுதான் பிரீ டாஸ். குப்பைக்குப் போக வேண்டிய பழைய 8086 பெட்டியிலும் இன்றைக்கு அது ஓடுகிறது. கில்டால் ஊன்றிய விதை, நம்மைப் போல ஒரு மாணவன் கையில் முளைத்தது என்றுதான் சொல்வேன். 2014-ல் பசிபிக் குரோவ் கட்டடத்தில் அவர் நினைவாகப் பலகை பதித்தார்கள். அதே ஆண்டில் சி.பி/எம்-இன் பழைய மூல புரோகிராம்களை கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகம் வெளியிட்டது. சி.பி/எம்-ஐ யாரும் எடுத்து ஓட்டலாம், மாற்றலாம் என்று 2022-ல் உரிமைக்காரர்களும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

அப்படியென்றால் நம்ம லேப் கிட்டில் அதை ஓட்டலாமா? அப்படியே ஓட்ட முடியாது. 0000 முகவரியில் நம்ம கிட்டில் மானிட்டர் இபிராம் உட்கார்ந்திருக்கிறது. சி.பி/எம்-க்கு அந்த இடத்தில் ராம் வேண்டும். ஆன் செய்தவுடன் இபிராமை ஒதுக்கிவிட்டு ராமைக் கொண்டுவரும் ஒரு சின்ன லாஜிக் சர்க்யூட்டும், 64 கே ராமும், டிஸ்க்குக்குப் பதில் ஒரு மெமரி கார்டும் போட்டால் முடியும். வரும் வருடம் நாலு பேர் சேர்ந்து இதையே பிராஜெக்டாக எடுத்தால் என்ன? ஒருத்தருக்கு ஹார்டுவேர் வரும், ஒருத்தருக்கு புரோகிராம் வரும். கில்டாலுக்கு ஒரு டொரோட் கிடைத்த மாதிரி!

கடைசியாக ஒன்று. பைனல் இயரில் கம்பெனிகள் வரும். ஓசூர், பெங்களூர் என்று வேலை கிடைக்கும். கூடவே பாண்ட் பேப்பரும் நீட்டுவார்கள். டோரதியை நினைத்துக்கொள்ளுங்கள். புரியவில்லை என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். எங்க அப்பா விரல் வைத்த இடத்தில் நாம் பேனா வைக்கிறோம். படித்துவிட்டு வைப்போம்!

– இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் பிரிவு