கப்பல் பாய்லர் முதல் லாரி ஆக்சில் வரை: வெல்டிங் ராடைக் கொடுத்த ஆஸ்கர் கெல்பெர்க் யார்?

சிங்கப்பெருமாள் கோயில் சந்திப்பில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு ஒரகடம் பக்கம் திரும்பினால், அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் வண்டி உலகம்தான். கார், லாரி, பைக் எல்லாமே இந்தப் பக்கம் தயாராகின்றன. இதே சாலையின் ஸ்ரீபெரும்புதூர் முனையில் இருக்கும் ஆக்சில்ஸ் இந்தியா நிறுவனம் செய்வது, லாரிகளின் பின் ஆக்சில் ஹவுசிங்.

லாரிக்குப் பின்னால் போகும்போது குனிந்து பாருங்கள். நடுவில் பானை மாதிரி ஒரு வயிறு, இரண்டு பக்கமும் கை நீட்டியது போல டியூப். அதுதான் ஹவுசிங். வயிற்றுக்குள் டிஃபரன்ஷியல். கைகளுக்குள் சக்கரத்தைச் சுற்றும் ஷாஃப்ட். வண்டியின் பின்பாரம் மொத்தமும் இந்தக் கூட்டின் மேல்தான் உட்காருகிறது.

இதை உருவாக்குவதிலும் சரி, விரிசல் விட்டால் ஒட்டுவதிலும் சரி, வெல்டிங் இல்லாமல் வேலை நடக்காது. சிக்கல் என்னவென்றால், வெல்டிங் வைத்தால் டியூப் வளையும். கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்தாலே போதும், டயர் ஒரு ஓரமாகத் தேயும், பேரிங் சூடாகும், ஆயில் சீல் கசியும்.

இந்தக் கதையில் ஒரு பாதியைத் தீர்த்து வைத்தவர் ஸ்வீடன்காரர் ஆஸ்கர் கெல்பெர்க். (அவங்க ஊர்ல ‘ஷெல்பெரி’ என்றுதான் சொல்வார்கள். நாம் எழுத்தைப் பார்த்தே படிப்போம்.) இன்னொரு பாதி இன்னமும் பட்டறைக்காரர் கையில்தான் இருக்கிறது.

ஆணி அடித்து அடைத்த ஓட்டை

1870-ல் ஸ்வீடனின் வார்ம்லாந்து பகுதியில் உள்ள ஆர்விகா என்ற ஊரில் பிறந்தார் கெல்பெர்க். மெக்கானிக்காகத் தொழில் கற்று, நீராவிக் கப்பல்களில் இன்ஜினியராகச் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். அங்கே அவர் கண்ணில் தினமும் பட்டது பாய்லர் கசிவு.

அந்தக் காலத்து பாய்லர், தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்தது. சூடும் அழுத்தமும் மாறி மாறி வர, மூட்டு தளர்ந்து ஆவி கசியும். விரிசலுக்குள் சின்ன ஆணிகளைத் தட்டி இறக்கி அடைப்பார்கள். கொஞ்ச நாள் தாங்கும், திரும்பவும் கசியும். பாய்லர் என்பது அழுத்தத்தில் இருக்கும் பாத்திரம். அது விட்டுக்கொடுத்தால் பக்கத்தில் நிற்கும் ஆட்கள் கதி என்ன என்று சொல்லத் தேவையில்லை.

மின்சார வெல்டிங் அப்போதே இருந்தது. ரஷ்யாவில் பெனார்டோஸ் 1880-களில் கார்பன் குச்சியை வைத்து மின்பொறி உண்டாக்கி இரும்பை உருக்கிக் காட்டினார். அடுத்து ஸ்லாவியானோவ், கார்பனுக்குப் பதில் இரும்புக் கம்பியையே உருக விட்டார். ஆனால் அந்த ஒட்டில் நம்பிக்கை வைக்க முடியவில்லை. உருகிய இரும்பு காற்றில் இருக்கும் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் இழுத்துக்கொள்ளும். ஆறியதும் ஒட்டு பிஸ்கட் மாதிரி நொறுங்கும்.

கெல்பெர்க் 1904-ல் கோதன்பர்க் துறைமுக நகரில் சொந்தமாகக் கம்பெனி தொடங்கினார். கப்பல் ரிப்பேர்தான் தொழில். ‘மின் வெல்டிங் நிறுவனம்’ என்று பொருள் தரும் நீளமான ஸ்வீடிஷ் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து, ‘இசாப்’.

ஊதுபத்தி மாதிரி ஒரு கம்பி

அவர் கண்டுபிடித்ததைக் கேட்டால், இவ்வளவுதானா என்று தோன்றும். கார்பனேட், சிலிக்கேட் கலந்த கூழில் இரும்புக் கம்பியை முக்கி எடுத்துக் காயவைத்தார். ஊதுபத்தி செய்வது போலத்தான்! 1907-ல் காப்புரிமை பதிவானது.

ஆனால் அந்தப் பூச்சு செய்யும் வேலை கொஞ்சநஞ்சமல்ல. எரியும்போது வாயுவாகி, உருகும் இரும்பைச் சுற்றி நின்று காற்றைத் தள்ளி வைக்கும். மிச்சம் ஸ்லாக்காக மேலே படிந்து, ஒட்டை மெதுவாக ஆற விடும். வெல்டர் சுத்தியலால் தட்டி உதிர்க்கும் அந்தக் கறுப்புத் தோல் அதுதான். இன்னொரு நன்மையும் உண்டு. பாய்லரைத் திருப்பிப் போட முடியாது, தலைக்கு மேலே ராடைப் பிடித்துத்தான் ஒட்ட வேண்டும். பூச்சு போட்ட ராடால் அதுவும் முடிந்தது.

1920-ல் ‘இசாப் 4’ என்ற முழுக்க வெல்டிங் செய்த சிறு கப்பலை அவர் நிறுவனம் கட்டியது. 1922-ல் ஜெர்மனியின் ஃபின்ஸ்டர்வால்டே ஊரில் அவர் பெயரிலேயே இன்னொரு நிறுவனம் வந்தது. அது இன்றும் இயங்குகிறது. 1931-ல் 60 வயதில் கெல்பெர்க் இறந்தார். இசாப்பின் இந்திய நிறுவனம் இருப்பது நம்ம அம்பத்தூரில். இருங்காட்டுக்கோட்டையிலும் ஆலை உண்டு.

பெரிய ஆலைகளில் இப்போது ராடு கிடையாது. சுருள் கம்பி, சிலிண்டர் கேஸ், ரோபோ கை. கெல்பெர்க்கின் பூச்சு செய்த காவல் வேலையை அங்கே கேஸ் செய்கிறது.

சரி, டியூப் ஏன் வளைகிறது?

கெல்பெர்க் காற்றைத் தடுத்தார். சுருக்கத்தை யாராலும் தடுக்க முடியாது.

உருக்கு 1,000 டிகிரி ஆறினால், தடையில்லாத நிலையில் மீட்டருக்குச் சுமார் 12 மில்லிமீட்டர் சுருங்கும். 10 சென்டிமீட்டர் ஒட்டுக்கு 1 மில்லிமீட்டருக்கும் மேல். சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு விடாமல் பிடித்திருப்பதால் அவ்வளவும் வெளியே தெரியாது. ஆனால் இழுப்பு இருக்கும். டியூபின் மேல்பக்கம் மட்டும் ஸ்பிரிங் உட்காரும் பட்டையை ஒட்டினால், ஆறும்போது மேல்பக்கம் குறுகி, டியூபின் இரண்டு முனையும் மேல்நோக்கித் தூக்கும். ஒட்டு எந்தப் பக்கமோ, முனைகள் அந்தப் பக்கம் போகும். இந்த ஒரு விதியை மனதில் வைத்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

விவரம் தெரிந்த மேஸ்திரி முதலில் ஷாஃப்ட், பேரிங், டிஃபரன்ஷியல், ஆயில் எல்லாவற்றையும் கழற்றுவார். பிறகு நேரான தடித்த உருக்குத் தண்டு ஒன்றை முனைக்கு முனை உள்ளே விடுவார். பேரிங் உட்காரும் இடங்களில் கச்சிதமாகப் பொருந்தும் வளையங்கள் அந்தத் தண்டைத் தாங்கும். ஹவுசிங் நேராக இருந்தால் தண்டு கையால் சுற்றும். இறுகினால் எங்கேயோ கோணல்.

ஒட்டு ஒரே இழுப்பில் வராது. முதலில் நாலு பக்கமும் சின்னப் புள்ளி. அப்புறம் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஒட்டி நிறுத்தி, நேரெதிர்ப் பக்கம் அதே அளவு. நடுவே ஆற விட வேண்டும். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது தப்பு, சட்டென்று ஆறும் உருக்கு கடினமாகி விரிசல் விடும். நடு வயிறு வார்ப்பாக இருந்து டியூப் உருக்காக இருந்தால், முன்கூட்டியே சூடேற்றணும், ராடும் அதற்கேற்ற வகையாக இருக்கணும். சாதா ராடை வைத்து இழுத்துவிட்டு, ஒட்டின் ஓரத்திலேயே விரிசல் வந்த பிறகு ராடு கம்பெனியைத் திட்டுவதில் பிரயோஜனமில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் வளைந்தால்? அதே சுருக்கத்தை வைத்துத்தான் நிமிர்த்துவார்கள். வளைவின் புடைத்த பக்கத்தில் ஒரு சிறு இடத்தை மட்டும் சிவக்கச் சூடாக்கி ஆற விட்டால், அந்தப் பக்கம் சுருங்கி டியூபைத் திரும்ப இழுக்கும்.

என்னைக் கேட்டால், பாரம் ஏற்றும் லாரியில் ஸ்பிரிங் உட்காரும் இடத்திலேயே விரிசல் வந்திருந்தால் ஹவுசிங்கை மாற்றிவிடுவதுதான் சரி. அந்த ஒட்டு விட்டுப்போனால் நடப்பது நெடுஞ்சாலையில், பின்னால் வருபவரும் சேர்ந்து மாட்டுவார். சின்ன வண்டியில் பிராக்கெட் மாற்றுவது, புது டியூப் போடுவது போன்ற வேலைகளுக்குத்தான் மேலே சொன்ன பொறுமை உதவும்.

கடைசியாக ஒரு விஷயம். வெல்டிங் முடிந்த சூட்டோடு தண்டை உருவக் கூடாது. ஹவுசிங் கை வைக்கிற அளவுக்கு ஆறணும், அதற்குச் சில மணி நேரம்கூட ஆகலாம். அதன் பிறகு தண்டைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் சுற்றினால்தான் பேரிங் உள்ளே போகும்.