ஒரே ஒரு கோடை!

40 வயதில் இந்திய அணியில் ஆடிய சென்னை வீரர் கோட்டா ராமசாமியின் கதை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ரிஷிவந்தியம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே அர்த்தநாரீசுவரர் கோவில் உண்டு. கருவறையில் இருப்பது லிங்கம். அந்த லிங்கத்துக்குத் தேன் அபிஷேகம் செய்யும்போது, சிவனும் பார்வதியும் சேர்ந்த உருவம் அதில் தெரியும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. தேன் வழியும் அந்தக் கொஞ்ச நேரம்தான். அதைப் பார்த்தவர்களுக்கு அதுவே போதும். இன்னொரு தடவை பார்த்தால்தான் நம்புவேன் என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால், வயலில் இறங்கிவிட்டால் கணக்கு வேறு. ஓர் ஆண்டு மழை நன்றாகப் பெய்தது, நெல் அமோகமாக விளைந்தது என்பதற்காக, அதை நல்ல நிலம் என்று எந்த விவசாயியும் சொல்லிவிடமாட்டார். நாலு போகம் பார்க்க வேண்டும் என்பார்.

கோவில் கணக்கு ஒன்று. வயல் கணக்கு ஒன்று. ஒரு விளையாட்டு வீரரை எந்தக் கணக்கில் அளப்பது? ஒரே ஒரு பருவத்தில் ஜொலித்தவரைப் பெரிய வீரர் என்று சொல்லலாமா? கூடாதா?

இந்தக் கேள்விக்கு நம் ஊரிலேயே ஒருவர் வாழ்ந்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார். அவர் பெயர் கோட்டா ராமசாமி. சென்னைக்காரர். வேளாண்மைத் துறையில் வேலை பார்த்தவர்!

விளையாட்டுக் குடும்பம்

ராமசாமி 1896-ம் ஆண்டு ஜூன் மாதம் பிறந்தார். தந்தையின் பெயர் புச்சிபாபு நாயுடு. சென்னை மயிலாப்பூரில் "லஸ் ஹவுஸ்" என்ற பெரிய வீடு அவர்களுடையது.

அந்தக் காலத்தில் சென்னையில் கிரிக்கெட் என்றால் வெள்ளைக்காரர்களின் விளையாட்டு. சேப்பாக்கத்தில் இருந்த சங்கம் அவர்களுடையது. இந்தியர்கள் அதில் உறுப்பினர் ஆக முடியாது. இதைப் பார்த்துப் புச்சிபாபு சும்மா இருக்கவில்லை. 1888-ல் இந்தியர்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கினார். தம் சொந்தப் பணத்தைச் செலவு செய்து, இளைஞர்களுக்கு மட்டையும் பந்தும் வாங்கிக் கொடுத்தார். தென்னாட்டுக் கிரிக்கெட்டின் தந்தை என்று அவரைச் சொல்வது அதனால்தான்.

வெள்ளைக்காரர் அணியோடு இந்தியர் அணி மோத வேண்டும் என்பது அவர் கனவு. அதற்கு ஏற்பாடும் செய்தார். ஆட்டம் நடப்பதற்குள், 1908-ம் ஆண்டு டிசம்பர் மாதம், காலமானார். அப்போது ராமசாமிக்கு வயது 12.

அண்ணன்மாரும் கிரிக்கெட் ஆடினார்கள். கடைசிப் பிள்ளையான ராமசாமியும் மட்டையைப் பிடித்தார். அவர் இன்னொரு குடும்பத்துக்குத் தத்துப் போனதால், பெயருக்கு முன்னால் "கோட்டா" சேர்ந்தது. பெயர்தான் மாறியது. தந்தையின் விளையாட்டு மாறவில்லை.

1915-16-ம் ஆண்டிலேயே அவர் பெரிய ஆட்டங்களில் இறங்கிவிட்டார். இடது கைக்காரர். பந்தைத் தடுத்துக்கொண்டு நிற்கும் வழக்கம் கிடையாது. ஓங்கி அடிப்பார்.

முதலில் டென்னிஸ்

பிறகு மேல்படிப்புக்காக இங்கிலாந்து போனார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கே அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது டென்னிஸ்.

நாடுகளுக்கு இடையே நடக்கும் பெரிய டென்னிஸ் போட்டி டேவிஸ் கோப்பை. 1922-ல் அதில் ஆடிய இந்திய அணியில் ராமசாமிக்கு இடம் கிடைத்தது. இரட்டையர் ஆட்டத்தில் டாக்டர் பைசியுடன் சேர்ந்து ஆடினார். ருமேனியாவை இந்தியா தோற்கடித்தது. அடுத்த சுற்றில் ஸ்பெயினிடம் தோற்றது.

அந்த ஓர் ஆண்டோடு அவருடைய டேவிஸ் கோப்பை ஆட்டம் முடிந்தது. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டென்னிசிலும் அவருக்கு ஒரே பருவம்தான்.

படிப்பை முடித்து ஊர் திரும்பினார். சென்னை மாகாண வேளாண்மைத் துறையில் வேலை கிடைத்தது. அரசாங்க உத்தியோகம். லீவு கிடைத்தால் ஆட்டம், இல்லாவிட்டால் இல்லை. இப்போது இருப்பதுபோல், கிரிக்கெட் ஆடியே கோடி கோடியாகச் சம்பாதிக்கும் காலம் அல்ல அது.

காலம் செய்த குறும்பு

இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை 1932-ல்தான் ஆடியது. அப்போதே ராமசாமிக்கு வயது 36. பலர் ஓய்வு பெறும் வயது!

1934-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் சேப்பாக்கத்தில் முதல் தடவையாக டெஸ்ட் ஆட்டம் நடந்தது. அவர் சொந்த ஊரில் நடந்த ஆட்டம். அதிலும் அவருக்கு இடம் இல்லை.

1936-ல் இந்திய அணி இங்கிலாந்து புறப்பட்டது. அந்த அணியில் ராமசாமியின் பெயர் இருந்தது. சென்னையின் இன்னொரு வீரர் எம்.ஜே.கோபாலனும் உடன் போனார். கோபாலனும் இரண்டு விளையாட்டுக்காரர்தான். அவருடையது ஆக்கியும் கிரிக்கெட்டும்.

அந்தப் பயணம் நல்லபடியாக அமையவில்லை. கேப்டன் விஜயநகரம் மகாராஜகுமார். அணிக்குள் ஒற்றுமை இல்லை. சிறந்த வீரரான லாலா அமர்நாத்தை முதல் டெஸ்டுக்கு முன்பே ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த முதல் டெஸ்டில் இந்தியா 9 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. அந்த ஆட்டத்தில் ராமசாமி இல்லை.

மான்செஸ்டரில்...

இரண்டாவது டெஸ்ட் ஜூலை 25-ந்தேதி மான்செஸ்டர் நகரில் தொடங்கியது. இந்திய அணியில் ராமசாமி சேர்க்கப்பட்டார். அவருக்கு 40 வயது முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. இந்தியாவுக்காக அவரைவிட அதிக வயதில் முதல் டெஸ்ட் ஆடியவர் ஒருவர்தான். அவர் 1933-ல் பம்பாயில் ஆடிய ஜாம்ஷெட்ஜி.

இந்தியா முதலில் ஆடி 203 ரன்னில் சுருண்டது. அதில் ராமசாமி எடுத்தது 40.

இங்கிலாந்து பதிலுக்கு அடித்து நொறுக்கியது. 8 விக்கெட்டுக்கு 571 ரன்! இந்தியா 368 ரன் பின்தங்கி நின்றது. தோல்வி நிச்சயம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அங்கேதான் ஆட்டம் திரும்பியது. விஜய் மெர்ச்சண்டும் முஷ்டாக் அலியும் முதல் விக்கெட்டுக்கு 203 ரன் சேர்த்தார்கள். இருவருமே 100 ரன்னைத் தாண்டினார்கள். ராமசாமி 60 ரன் எடுத்தார். இந்தியா 5 விக்கெட்டுக்கு 390 ரன். ஆட்டம் டிரா ஆனது. தோற்க வேண்டிய ஆட்டம் தப்பியது.

மூன்றாவது டெஸ்ட் ஆகஸ்டு மாதம் லண்டன் ஓவல் மைதானத்தில் நடந்தது. ராமசாமி முதலில் 29 ரன் எடுத்தார். இரண்டாவது இன்னிங்சில் இங்கிலாந்து கேப்டன் ஆலன் இந்திய விக்கெட்டுகளைச் சாய்த்துக்கொண்டே போனார். அவருக்கு மட்டும் 7 விக்கெட். அந்த ஆட்டத்தில் இந்தியா தோற்றது. ஆனால், ராமசாமியை அவர்களால் அசைக்க முடியவில்லை. 41 ரன்னுடன், ஆட்டம் இழக்காமல் நின்றார்.

அதோடு சரி. அதற்குப் பிறகு அவர் டெஸ்ட் ஆடவே இல்லை. உலகப் போர் வந்தது. இந்தியாவின் அடுத்த டெஸ்ட் ஆட்டம் 1946-ல்தான் நடந்தது. அப்போது ராமசாமிக்கு வயது 50!

கணக்கு என்ன சொல்கிறது?

இப்போது கணக்குப் பார்ப்போம்.

ஆடியது 2 டெஸ்ட். மட்டை பிடித்தது 4 தடவை. எடுத்தது 40, 60, 29, 41. மொத்தம் 170 ரன். ஆட்டம் இழந்தது 3 தடவை. 170-ஐ மூன்றால் வகுத்தால் 56.66. இதுதான் அவருடைய சராசரி.

இது எவ்வளவு பெரியது தெரியுமா? மெர்ச்சண்டின் டெஸ்ட் சராசரி 47.72. இந்தியாவின் முதல் டெஸ்ட் கேப்டன் சி.கே.நாயுடுவின் சராசரி 25. இரண்டு பெரிய மலைகளும் ராமசாமிக்குக் கீழே நிற்கின்றன.

அப்படியானால் மெர்ச்சண்டைவிட ராமசாமி பெரியவரா?

இல்லை என்பார்கள் ஒரு கட்சியினர். அவர்களிடமும் கணக்கு இருக்கிறது. டெஸ்ட் மட்டும் அல்லாமல், எல்லா முதல்தர ஆட்டங்களையும் சேர்த்துப் பாருங்கள் என்பார்கள். அதில் ராமசாமியின் சராசரி 28.91. மெர்ச்சண்டின் சராசரி 71.64! நாலு போகம் பார்த்தால் நிலத்தின் குணம் தெரிந்துவிடுகிறது அல்லவா?

இன்னோர் உதாரணமும் சொல்வார்கள். மேற்கு இந்தியத் தீவுகளில் ஆண்டி கான்டோம் என்று ஒருவர் இருந்தார். 1948-ல் ஒரே ஒரு டெஸ்ட் ஆடினார். ஒரே தடவை மட்டை பிடித்து 112 ரன் எடுத்தார். அவர் சராசரி 112. உலகமே வியந்த பிராட்மனின் சராசரி 99.94. ஆனால், பிராட்மன் ஆடியது 52 டெஸ்ட். பிராட்மனைவிடக் கான்டோம் பெரியவர் என்று யாராவது சொல்வார்களா? ஒன்றிரண்டு ஆட்டங்களை வைத்துச் சராசரி பார்ப்பது, ஒரு பிடி அரிசியை வைத்து மூட்டையின் எடையைச் சொல்வது மாதிரி.

இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. மறுக்க முடியாது.

மறுபக்கம்

ஆனால், இன்னொரு பக்கமும் உண்டு.

அதிர்ஷ்டத்தில் அடிப்பவர் எப்படி அடிப்பார்? ஒருநாள் 150 அடிப்பார். மறுநாள் முட்டை எடுப்பார். ராமசாமியின் கணக்கு அப்படி இல்லை. நாலு தடவை இறங்கினார். நாலு தடவையும் ரன் எடுத்தார். மிகக் குறைந்ததே 29. ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை. எதிரே பந்து வீசியவர்கள் சாமானியர்கள் அல்ல. ஆலன் வேகப் பந்துக்காரர். வெரிட்டி உலகப் புகழ் பெற்ற சுழல் பந்துக்காரர். அவர்கள் முன்னே, வேற்று நாட்டு மண்ணில், 40 வயதில் அவர் இதைச் செய்தார்.

சரி, ஒரு பருவம்தான் ஆடினார் என்று குறை சொல்கிறோமே, அது யார் குற்றம்? அவர் நன்றாக ஆடிய வாலிப வயதில், இந்தியாவுக்கு டெஸ்ட் அணியே கிடையாது. அணி வந்தபோது வயது போய்விட்டது. வயதை மீறி உள்ளே நுழைந்தபோது, போர் வந்து கதவை மூடிவிட்டது. விதைக்கவே விடாத நிலத்தைப் பார்த்து, ஏன் நாலு போகம் விளையவில்லை என்று கேட்கலாமா?

கால்பந்திலும் இப்படி ஒருவர் இருந்தார். நெவில் டிசோசா என்று பெயர். 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 3 கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் இதைச் செய்த முதல் ஆசியர் அவர்தான். அந்த ஒலிம்பிக்கில் இந்தியா 4-வது இடம் பிடித்தது. டிசோசாவை இன்றும் நாடு நினைப்பது அந்த ஒரு போட்டிக்காகத்தான்.

ஆகவே, தீர்ப்பை இரண்டாகப் பிரித்துச் சொல்வதுதான் நியாயம். பெரிய வீரர்களின் வரிசையில் ராமசாமி எத்தனாவது என்று கேட்டால், ஒரு பருவத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது. மெர்ச்சண்டின் பக்கத்தில் அவரை உட்கார வைக்க முடியாது. ஆனால், அவரிடம் திறமை இருந்ததா என்று கேட்டால், அதற்கு ஒரு பருவம் போதும். திறமை திடீரென்று ஒரு கோடையில் முளைப்பது அல்ல. இருபது ஆண்டுகளாக அவருக்குள் இருந்தது, அந்தக் கோடையில் வெளியே தெரிந்தது.

திரும்பாத பயணம்

1941-42 வரை ராமசாமி முதல்தர ஆட்டங்களில் ஆடினார். பிறகும் கிரிக்கெட்டை விடவில்லை. 1952-53-ல் இந்திய அணி மேற்கு இந்தியத் தீவுகளுக்குப் போனபோது, அணியின் மானேஜராக உடன் சென்றார். வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் இருந்தார். தம் விளையாட்டு அனுபவங்களை ஆங்கிலத்தில் ஒரு நூலாகவும் எழுதினார்.

முதுமையில் அவர் சென்னை அடையாற்றில் வாழ்ந்தார். 1985-ம் ஆண்டு அக்டோபர் 15-ந்தேதி. அவருக்கு வயது 89. அன்று வீட்டை விட்டு வெளியே போனவர் திரும்பி வரவில்லை. என்ன ஆனார் என்பது கடைசிவரை தெரியவில்லை. இறந்திருக்க வேண்டும் என்றே கிரிக்கெட் ஆண்டு நூல்கள் அவர் பெயருக்கு நேரே எழுதின.

அவர் மறைந்த நாள் யாருக்கும் தெரியாது. ஆனால், 1936-ம் ஆண்டின் அந்த நாலு எண்கள் அழியவில்லை. 40, 60, 29, 41. கிரிக்கெட் கணக்குப் புத்தகம் இருக்கும்வரை அவையும் இருக்கும்.

தேன் வழிந்து முடிந்ததும் ரிஷிவந்தியத்தில் மறுபடியும் லிங்கம்தான் தெரியும். ஆனாலும், பார்த்தவர்கள் பார்த்ததை மறப்பதில்லை.